மடத்து சிஸ்டருக்குப் பொன்விழா: வாசகர் கேள்விகள், பதில்கள்

*துறவற யூபிலி, அதாவது கத்தோலிக்கக் கன்னியரின் துறவற ஆண்டு விழா பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில.*

எங்கள் பங்கில் (கோயில் பகுதியில்) பணிபுரியும் சிஸ்டர் 1975 ஜூனில் மடத்தில் சேர்ந்தவர். 2025-லேயே பொன்விழா கொண்டாடியிருக்க வேண்டும், கோட்டைவிட்டுவிட்டோம் என்கிறார் பங்குப்பேரவைச் செயலர். மடத்தில் கேட்டால் 2028 மே மாதம் என்கிறார்கள். மூன்று வருடம் எங்கே போனது?
*வாசகி, திண்டுக்கல்*

எங்கும் போகவில்லை. மடத்தில் சொல்வதுதான் சரி. மடத்துக்குள் காலடி வைத்த நாளிலிருந்து யூபிலியை எண்ணுவதில்லை. முதல் வார்த்தைப்பாட்டு (துறவற வாக்குறுதி) நாளிலிருந்து எண்ணுவதே துறவற சபைகளின் பொது வழக்கம். சேர்ந்தவுடன் தொடக்கப் பயிற்சி நடக்கும். அதற்கடுத்து நவதுறவு என்ற புகுமுகத் துறவறப் பயிற்சி. திருச்சபைச் சட்டப்படி இது 12 மாதத்துக்குக் குறையக்கூடாது, இரண்டு வருடத்தைத் தாண்டவும் கூடாது. பல சபைகளில் இரண்டு வருடமும் நடத்துகிறார்கள். அதை முடித்துத்தான் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகள். உங்கள் சிஸ்டர் 1978 மே மாதம் கொடுத்திருப்பார். ஐம்பதைக் கூட்டினால் 2028.

இன்னொரு குழப்பமும் வரலாம். வீட்டு ஆல்பத்தில் பெரிதாக இருக்கும் படம் நித்திய வார்த்தைப்பாட்டு (வாழ்நாள் முழுமைக்குமான வாக்குறுதி) படமாக இருக்கும். அது முதல் வார்த்தைப்பாட்டுக்கு மூன்று வருடம் கழித்து நடக்கலாம், ஒன்பது வருடம் வரை தள்ளியும் போகலாம். அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு அழைப்பிதழ் அடித்தவர்கள் உண்டு. அன்னை தெரசாவை எடுத்துக்கொள்ளுங்கள்: 1928-இல் வீட்டை விட்டுக் கிளம்பினார், 1931 மே 24 டார்ஜிலிங்கில் முதல் வார்த்தைப்பாடு, 1937 மே 24 நித்திய வார்த்தைப்பாடு. அவருக்குப் பொன்விழா ஆண்டு 1981. நோபல் பரிசும் பாரத ரத்னாவும் அதற்கு முன்பே வந்துவிட்டன!

25 வெள்ளி, 50 பொன், 60 வைரம். 75-ஐப் பவள விழா என்பது தமிழ் வழக்கம். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் சபையின் மாநிலத் தலைவி (புரொவின்ஷியல்) அலுவலகத்தில் தேதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒரே நாளில் வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் சபையே பொதுவாக ஒரு நாள் குறித்திருக்கும். பங்கு விழாவை அதற்குப் பிறகு வைப்பதுதான் மரியாதை.

யூபிலித் திருப்பலியில் சிஸ்டர் மறுபடியும் வார்த்தைப்பாடு கொடுப்பாரா? எந்த ஞாயிறு வைக்கலாம்?
*வாசகர், தூத்துக்குடி*

மறுபடி கொடுப்பதில்லை, புதுப்பிக்கிறார். நித்திய வார்த்தைப்பாடு ஒருமுறைதான். மறையுரை முடிந்ததும், சபை ஒழுங்கில் உள்ள வாசகத்தைக் கையில் எரியும் மெழுகுவர்த்தியோடு வாசிப்பார். ஐந்து நிமிட வேலை. அதைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து அட்டையில் ஒட்டிக் கொடுங்கள். ஒரு கையில் மெழுகுவர்த்தி, மறு கையில் மெல்லிய தாள் என்றால் தாள் நடுங்கும், வரி தப்பும். மைக்கை ஒரு பெண்பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும். மெழுகுவர்த்திக்கு அடியில் காகிதக் கிண்ணம் வையுங்கள், இல்லாவிட்டால் மெழுகு விரலில் ஒழுகும்.

வெள்ளி, பொன்விழாவுக்கென்று திருப்பலி நூலில் தனி மன்றாட்டுகள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்கால, ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால, ஈஸ்டரைத் தொடரும் பாஸ்காக்கால ஞாயிறுகளிலும் பெருவிழா நாள்களிலும் அவற்றைப் பயன்படுத்த முடியாது. அன்றைய திருப்பலிதான் நடக்கும். தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ அலங்காரமும் கிடையாது. இதெல்லாம் தெரியாமல் மார்ச் மாத ஞாயிற்றுக்கு மண்டபத்தைப் பதிவு செய்துவிட்டுப் பங்குத்தந்தையிடம் போனால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். ஆகஸ்ட், செப்டம்பர் ஞாயிறு என்றால் அநேகமாகச் சிக்கலில்லை. பிப்ரவரி 2 இன்னும் பொருத்தம்: 1997 முதல் திருச்சபை அந்த நாளை அர்ப்பண வாழ்வு தினமாகக் கொண்டாடுகிறது.

காணிக்கைப் பவனியில் பொன்னாடையும் பரிசுப் பொட்டலமும் வேண்டாம். அவற்றைத் திருப்பலி முடிந்தபின் நடக்கும் பாராட்டுக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு மாலை போதும். நெருக்கிக் கட்டிய ரோஜா மாலை இரண்டு கிலோவைத் தாண்டும். எழுபத்தைந்து வயதுக் கழுத்துக்கு அது பாரம். அதன்மேல் பத்துப் பதினைந்து பொன்னாடை, மே மாத வெயில், மேடை விளக்கு! மயக்கம் வராமல் இருந்தால்தான் அதிசயம். மாலை போட்டுப் படம் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். ஆஸ்துமா இருக்கிறதா என்று முன்னதாகக் கேளுங்கள், சம்பங்கி வாசனை சிலருக்கு ஆகாது. மேடைக்கு ஏற இரண்டு படி இருந்தாலும் கைப்பிடி வேண்டும்.

பொன்விழாவுக்குச் சிஸ்டருக்கு என்ன கொடுக்கலாம்? தங்க மோதிரம் என்று ஒரு யோசனை. கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி ஐந்து லட்சம் அனுப்புகிறேன் என்கிறார்.
*விழாக் குழுவினர், நாகர்கோவில்*

மோதிரம் வேண்டாம். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. வாங்கிக்கொள்வார், உங்கள் முன்னால் சிரிப்பார், மறுநாள் மடத்துத் தலைவியிடம் கொடுத்துவிடுவார். பொன்னாடைகளின் கதியும் அதுவே. அவர் பணிசெய்த பள்ளி, மருந்தகம், விடுதி ஏதாவது ஒன்றில் என்ன குறைகிறது என்று கேட்டு அதைச் செய்யுங்கள். முதிய சிஸ்டர்கள் தங்கும் இல்லத்துக்கு என்றால் சக்கர நாற்காலி, குளியலறைக் கைப்பிடி, இன்வெர்ட்டர் பேட்டரி என்று பட்டியல் அவர்களிடமே இருக்கும். பணமாகத் தருவதானால் சபையின் அறக்கட்டளைப் பெயரில் காசோலை; ரசீது வாங்குங்கள். வருமான வரிக் கழிவு வேண்டுமானால் அந்த அறக்கட்டளைக்கு 80ஜி அனுமதி இருக்க வேண்டும், ரொக்கமாக ₹2,000-க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது.

தம்பியின் பணத்தில்தான் கவனம் தேவை. அவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், அறக்கட்டளைக்கு அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம். அதுவும் முதலில் ஸ்டேட் பாங்கின் புது டெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். ஊருக்கு வந்தபோது ரூபாய் நோட்டாகக் கையில் கொடுத்தால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள், ரூபாயில் கொடுத்தாலும் சட்டம் ஒன்றுதான். உள்ளூர்க் கணக்கில் தெரியாமல் போட்டுவிட்டால் சபையின் பதிவுக்கே ஆபத்து. தம்பியிடம் பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையது என்று முதலில் கேளுங்கள்.

விழா மலருக்குச் சிஸ்டரின் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கேட்டால் "நான் என்னம்மா செய்தேன், எல்லாம் ஆண்டவர் செய்தது" என்கிறார். எப்படி எழுதுவது?
*ஆசிரியை, கும்பகோணம்*

எல்லா சிஸ்டரும் சொல்லும் முதல் வாக்கியம் அது. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள்தான் "தியாகத்தின் திருவுருவம், அன்பின் சிகரம்" என்று இரண்டு பக்கம் நிரப்புகிறார்கள். பெயரை மாற்றினால் அது எந்த சிஸ்டருக்கும் பொருந்தும்.

முதலில் மடத்துத் தலைவியிடம் அனுமதி பெற்று, சிஸ்டருக்குக் கிடைத்த மாறுதல்களின் பட்டியலை வாங்குங்கள்: ஆண்டு, ஊர், பணி. அவர் வசித்த இல்லங்களில் அன்றாட நிகழ்வுகளை எழுதிவைக்கும் குறிப்பேடு இருக்கும். கட்டடம் திறந்த தேதி, வெள்ளம் வந்த நாள், முதல் மாணவிகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் அகப்படும். ஞாபகத்தில் வரும் ஆண்டை இந்த இரண்டோடும் ஒத்துப் பாருங்கள். பெயரிலும் கவனம்: அந்தக் காலத்தில் துறவறத்தில் புதுப்பெயர் சூட்டுவார்கள், 1960-களில் நடந்த திருச்சபைப் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பலர் ஞானஸ்நானப் பெயருக்கே திரும்பினார்கள். பழைய ஏட்டில் ஒரு பெயரும் இன்று வேறு பெயருமாக இருந்தால் இருவரும் ஒருவர்தானா என்று உறுதிசெய்யுங்கள்.

பிறகு பேச்சு. ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். முக்கால் மணி நேரமாக மூன்று நாள் போங்கள். காலை ஒன்பதரை மணி நல்ல நேரம். ஜெபமும் காப்பியும் முடிந்திருக்கும், மதிய அசதி வந்திருக்காது. நன்றாகக் கேட்கும் காது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உட்காருங்கள். போனில் பதிவு செய்கிறீர்கள் என்றால் மின்விசிறியை நிறுத்துங்கள் அல்லது தள்ளி உட்காருங்கள். போனை மேசையில் அப்படியே வைக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள். இல்லையென்றால் காப்பித் தம்ளர் வைக்கும் சத்தம்தான் பதிவாகும்.

"எந்த வருஷம் சிஸ்டர்?" என்று தொடங்கினால் அவர் அடைத்துக்கொள்வார். ஊரைச் சொல்லிக் கேளுங்கள். அந்த வீட்டில் கிணறு இருந்ததா? தண்ணீர் யார் இறைத்தது? மருந்தகத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு? கரண்ட் வந்தது எப்போது? ராத்திரியில் பிரசவம் என்று கதவைத் தட்டினால் யார் கூட வருவார்? கிணற்றைக் கேட்டால் பள்ளிக்கூடம் வரும், பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். இன்னொன்று, அவர் எப்போதும் "நாங்கள்" என்றுதான் பேசுவார். "நாங்கள் அந்த விடுதியைக் கட்டினோம்" என்றால், "அதில் உங்கள் பொறுப்பு எது சிஸ்டர்?" என்று கேளுங்கள். "செங்கல் கணக்கு நான்தான் எழுதினேன்" என்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் நீங்கள் போனீர்கள்.

எழுதக்கூடாததும் உண்டு. காப்பகத்தில் வளர்ந்த குழந்தை, தத்துப்போன பிள்ளை, எச்ஐவி நோயாளி, கைவிடப்பட்ட தாய் பற்றியெல்லாம் அவர் மனம்விட்டுச் சொல்லலாம். பெயரோ, ஊரோ, படமோ மலரில் வரவே கூடாது. காப்பகக் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தில் தண்டனையே இருக்கிறது. ஐம்பது வயதாகி நல்ல நிலையில் இருக்கும் "அந்தப் பிள்ளை" விழாவுக்கு வந்திருக்கக்கூடும், அவர் மனைவிக்குக்கூட அது தெரியாமல் இருக்கலாம்.

மேடையில் வாசிப்பதற்கு 300 சொல் போதும், மூன்று நிமிடம். மலருக்கு வேண்டிய அளவு எழுதுங்கள். அச்சுக்கு முன் 16 புள்ளி எழுத்தில் ஒரு படி எடுத்துச் சிஸ்டரிடம் கொடுங்கள். புகழ்ச்சியை அடிப்பார், விட்டுப்போன சகோதரியின் பெயரைச் சேர்ப்பார். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அரசு உதவிபெறும் பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்த சிஸ்டரின் சம்பளமும் ஓய்வூதியமும் யாருக்கு? வரி உண்டா?
*வாசகர், சேலம்*

சபைக்கு. உழைப்பால் வருவதும், ஓய்வூதியம், காப்பீடு வழியாக வருவதும் சபையையே சேரும் என்பது திருச்சபைச் சட்டம் (668-ஆம் பிரிவு). பதிலுக்கு அவருடைய சாப்பாடு, மருத்துவம், முதுமை எல்லாம் சபையின் பொறுப்பு. வரி உண்டு. 1944, 1977 வருமான வரிச் சுற்றறிக்கைகளைக் காட்டிப் பல ஆண்டுகள் விலக்கு கேட்டார்கள். சம்பளம் தனிநபரின் பெயரில் வருகிறது, அதைப் பிறகு யாருக்குக் கொடுத்தாலும் பிடித்தம் செய்யத்தான் வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2019 தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 7-இல் உறுதிசெய்துவிட்டது. ஆதார், பான், ஓய்வூதியப் புத்தகம் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும். ஒன்றில் துறவறப் பெயர், இன்னொன்றில் சான்றிதழ்ப் பெயர் என்று கிடந்தால் வருடாந்திர நேர்காணலில் மாட்டிக்கொள்ளும்.

தொழுநோயாளிகளிடையே வாழ்நாளைக் கழித்த சிஸ்டருக்குப் பத்ம விருது கேட்கலாமா? வத்திக்கான் விருது உண்டா?
*வாசகி, வேலூர்*

கேட்கலாம், யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளம் வழியாக மட்டுமே. தாளில் அனுப்பினால் எடுபடாது. கடைசி நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது: 2024-இல் செப்டம்பர் 15, 2025-இல் முதலில் அறிவித்தது ஜூலை 31. ஆகவே மார்ச்சிலேயே பார்க்கத் தொடங்குங்கள். பணிக் குறிப்புக்கு 800 சொல்தான் இடம். அதில் முன்னூறை அவருடைய குணத்துக்குச் செலவழிப்பதுதான் வழக்கமான தவறு. எந்த ஊர், எத்தனை ஆண்டு, எத்தனை படுக்கை, அவர் போகுமுன் அங்கே என்ன இருந்தது என்று எழுதுங்கள். இறந்தபின் சாதாரணமாகத் தரமாட்டார்கள் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். பீகாரில் முசஹர் என்ற தலித் சமூகத்தினரிடையே பணியாற்றும் சிஸ்டர் சுதா வர்கீஸ் 2006-இல் பத்மஸ்ரீ பெற்றார். அன்னை தெரசாவுக்கு அது 1962-இலேயே கிடைத்தது. கிடைத்தால் "பத்மஸ்ரீ" என்று பெயருக்கு முன்னால் போட்டு அழைப்பிதழ் அடிக்காதீர்கள். அதைப் பட்டமாகப் பயன்படுத்தக்கூடாது என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வத்திக்கான் பக்கம் 'ப்ரோ எக்லேசியா எத் போந்திஃபீச்சே' (திருச்சபைக்காகவும் திருத்தந்தைக்காகவும்) சிலுவைப் பதக்கம் இருக்கிறது. 13-ஆம் லியோ திருத்தந்தை தன் குருத்துவப் பொன்விழாவை ஒட்டி 1888-இல் ஏற்படுத்தியது. ஆயர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். யூபிலிக்குத் திருத்தந்தையின் ஆசீர்ச் சுருள் பெறுவது இதைவிட எளிது; திருச்சபை அதிகாரியின் பரிந்துரை வேண்டும், அந்தப் பணம் ஏழைகளுக்குப் போகிறது. விழாவுக்கு மூன்று மாதம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

நம் மண்ணிலேயே தோன்றிய கன்னியர் சபைகள் உண்டா?
*வாசகர், மதுரை*

நிறைய. புதுச்சேரியில் துய்ப்புயி அடிகள் 1844-இல் பெண்கல்விக்காகத் தொடங்கிய மாசற்ற இருதய மரியன்னை சபை ஒன்று. திருச்சியில் 1858-இல் இளம் விதவைகளை வைத்துத் தொடங்கிய புனித அன்னாள் சபை இன்னொன்று. உலகெங்கும் பரவிய பிரான்சிஸ்கன் மரியன்னை மறைப்பணியாளர் சபையும் 1877-இல் ஊட்டியில் பிறந்ததே; சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி அவர்களுடையது. பெல்ஜியத்திலிருந்து வந்த மேரி லூயிஸ் தெ மேஸ்தர் 1897-இல் முளகுமூட்டில் தொடங்கியதுதான் இன்றைய ஐசிஎம் (மரியின் மாசற்ற இதய மறைபரப்புச் சகோதரிகள்) சபை. உங்கள் சிஸ்டர் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தவர் என்றால் மலரில் சபை வரலாற்றுக்கு அரைப்பக்கம் விடுங்கள்.

மேடையில் "மதர்" என்று அழைக்கலாமா?
*வாசகி, கரூர்*

இல்லத் தலைவியாக இருந்தால் அழைக்கலாம். இல்லையென்றால் "சிஸ்டர்" போதும், அழைப்பிதழில் "அருட்சகோதரி".

வைரவிழா காணும் சிஸ்டருக்கு மறதி நோய். விழா வைப்பதா, விடுவதா?
*முன்னாள் மாணவியர், தஞ்சாவூர்*

வையுங்கள், ஆனால் மண்டபத்தில் வேண்டாம். அவர் தங்கியிருக்கும் இல்லத்துச் சிற்றாலயத்திலேயே, காலை வேளையில், பதினைந்து இருபது பேரோடு. வார்த்தைப்பாட்டைப் புதுப்பிக்கும்போது பழகிய சகோதரி ஒருவர் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொல்லித் தரலாம். "என்னைத் தெரிகிறதா சிஸ்டர்?" என்று யாரும் கேட்க வேண்டாம், போனதும் உங்கள் பெயரையும் படித்த வருடத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பட்டாசு, பேண்டு வாத்தியம் கூடாது. சர்க்கரை நோயும் இருக்கும் என்பதால் கேக்கை வெட்டச் சொல்லி ஊட்டாதீர்கள், வெட்டுவது மட்டும் போதும். பாட்டு பழைய மாதா பாட்டாக இருக்கட்டும். பெயர்கள் மறந்துபோனவர்களும் அதில் இரண்டாவது அடியிலேயே சேர்ந்துகொள்வார்கள்.