காலம் காட்டாத மொழி கற்க எளிதா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் சீனமோ ஜப்பானியமோ படிக்க ஆசைப்படுகிறாள். சீனத்தில் காலமே கிடையாது, ஜப்பானியத்தில் இரண்டே காலம்தான், அதனால் சீனம்தான் எளிது என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: சொன்னவர்கள் சொன்னது சரி, அதிலிருந்து வந்த முடிவுதான் தவறு.

சீனத்தில் 'லாய்' என்றால் வா. வந்தான், வருகிறாள், வருவார்கள் என்று அது உருமாறவே மாறாது. ஆனால் 'லாய் ல' என்று ஒட்டு சேர்ந்தால் வந்து முடிந்தது, 'லாய் குவோ' என்றால் முன்பு எப்போதோ வந்திருக்கிறான். இந்த 'ல' இறந்தகாலம் என்று நினைத்துத்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'நாளைக்கு அவன் வந்ததும் நான் கிளம்புவேன்' என்பதிலும் சீனர் 'ல' போடுவார். நம் வாக்கியத்தையே பாருங்கள்: நாளை நடப்பதற்கு 'வந்ததும்' என்கிறோம்! தமிழ்க் காதுக்கு இது புரியும், பழகக் கொஞ்ச நாளாகும். அதைவிடப் பெரிய சுமை ஓசை. 'மாய்' என்பதைக் குரலை இறக்கி ஏற்றிச் சொன்னால் வாங்கு. சட்டென்று இறக்கினால் விற்பனை செய். கடைக்காரரிடம் மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

ஜப்பானியத்தில் 'தபேரு' சாப்பிடுகிறேன், சாப்பிடுவேன் இரண்டுக்கும் ஆகும். நாமும் 'நாளைக்கு ஊருக்குப் போகிறேன்' என்கிறோமே! 'தபேதா' என்றால் சாப்பிட்டேன், சாப்பிட்டாள், சாப்பிட்டார்கள் எல்லாம். அப்புறம் வருவதுதான் எனக்கு இன்றும் வியப்பு. 'தபேதே' என்றால் சாப்பிட்டு. 'மிரு' என்றால் பார். 'தபேதே மிரு': சாப்பிட்டுப் பார்! 'தபேதே ஷிமாவு': சாப்பிட்டுவிடு. வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபுபோல் பெயருக்குப் பின்னால் ஒட்டு சேர்வதும் நம் வழக்கம்தான். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் மாதக்கணக்கில் பழகும் சொல்வரிசை உங்கள் மகளுக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

மரியாதையில் மட்டும் கவனம் வேண்டும். நாம் 'சாப்பிடு' என்பதோடு 'ங்கள்' சேர்த்து 'சாப்பிடுங்கள்' என்று முடித்துக்கொள்வோம். அங்கே பெரியவர் சாப்பிட்டால் 'மெஷிஅகாரு', அவர் முன்னால் தன்னைத் தாழ்த்தி நான் சாப்பிட்டால் 'இததாகு'; சொல்லே வேறு. எழுத்து இரண்டிலும் கடினம். ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த 'கான்ஜி' எழுத்துகளே (சீனத்திலிருந்து வந்தவை) 2136.

இரண்டிலும் ஆர்வம் சமம் என்றால் ஜப்பானியத்தில் தொடங்கச் சொல்லுங்கள். சீன நாடகம் பார்த்து அந்த மொழிமேல்தான் ஆசை வந்ததென்றால் தடுக்க வேண்டாம். முதல் இரண்டு மாதம் எழுத்தை ஒதுக்கிவைத்து ஓசைப் பயிற்சி மட்டும் செய்யட்டும்.