நாற்பதுக்குப் பிறகு கம்பெடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

நடுவயதில் சிலம்பம், கராத்தே போன்ற கலைகளைப் பயில்வது பற்றி வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைக்கும் சிறு பொழுதை எப்படிப் பயன்படுத்துவது, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் எப்படிக் கற்பது என்ற இரண்டு கவலைகளும் எல்லாக் கடிதங்களிலும் இருந்தன.

கேள்வி: எனக்கு வயது 44. கூட்டுறவு வங்கியில் பணி. பள்ளியில் படித்தபோது ஊரில் ஒரு வாத்தியாரிடம் சிலம்பம் கற்றேன். வேலைக்கு வந்தபின் விட்டுப்போயிற்று. மீண்டும் தொடங்க ஆசை. வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. ஞாயிறு மட்டும் வகுப்புக்குப் போகலாம் என்றால், "வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருக்கிறீர்கள், அதையும் கம்புக்குக் கொடுப்பீர்களா?" என்று மனைவி கேட்கிறார். என்ன செய்வது?
– வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் மனைவி கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பி, ஒன்பது மணிக்குக் களைத்துத் திரும்பி, சாப்பிட்டுவிட்டு நீங்கள் படுத்துறங்கினால், அன்றைய சமையல், சந்தை, பிள்ளைகளின் பாடம் எல்லாம் அவர் தலையில்தான் விழும். ஆகவே வகுப்பில் சேரும் முன்பே, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், திரும்பிய பின் எந்த வேலை உங்களுடையது என்பதை அவரிடம் தெளிவாகப் பேசிவிடுங்கள். அதைவிட முக்கியமாக, வாரத்தில் ஒரு மாலையாவது பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டு அவருக்கென்று ஒரு பொழுதை ஒதுக்கிக் கொடுங்கள். கோவில், தோழி வீடு, நடைப்பயிற்சி, வெறும் ஓய்வு என்று அவர் அதை எப்படி வேண்டுமானாலும் செலவிடட்டும். இப்படி ஏற்பாடு செய்துகொண்டவர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வருவதையும், சொல்லாமல் கொள்ளாமல் கம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்கள் பொங்கலுக்குச் சேர்ந்து சித்திரைக்குள் நின்றுவிடுவதையும் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

நேரக் கணக்கு நீங்கள் அஞ்சுவதுபோல் பெரிதன்று. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வயது வந்த ஒருவர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும். ஞாயிறு வகுப்பில் 75 நிமிடமும், மற்ற நாள்களில் ஐந்து காலைப் பொழுதுகளில் பதினைந்து நிமிடமும் சேர்த்தால் 150 வந்துவிடும். ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம் வியர்த்துவிட்டு மற்ற ஆறு நாளும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைவிட இது உங்கள் வயதுக்கு எவ்வளவோ மேல்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் கம்பே எடுக்காமல் காலடி மட்டும் பழகுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. மறுபடி தொடங்குகிறவர்கள் எல்லோரும் வீச்சைத்தான் முதலில் தேடிப் போகிறார்கள், ஏனென்றால் கம்பு காற்றைக் கிழிக்கும் ஒலி இளமையை உடனே திருப்பித் தந்ததுபோல் தோன்றும். ஆனால் நடுவயதில் நமக்குக் குறைந்து வருவது இடுப்புக்குக் கீழே இருக்கும் வலுவும் சமநிலையும்தான். காலடி அவ்விரண்டையும் வளர்க்கிறது. மொட்டைமாடியில் சாக்பீஸால் ஒரு சதுரம் வரைந்து, அதன் நான்கு மூலைகளுக்கும் கால் முன்வைத்து, பின்வாங்கி, திசை மாறித் திரும்புங்கள். திரும்பும்போது பாதமும் முழங்காலும் ஒரே திசையில் போக வேண்டும். பாதம் தரையைப் பற்றியபடி நிற்க, முழங்கால் மட்டும் திரும்பினால் உடலின் எடையெல்லாம் முழங்கால் ஜவ்வில் முறுக்காக விழும். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு குதித்துப் பழகினால் குதிகால் வலி வந்து சேரும். தரையைக் கவ்விப்பிடிக்கும் தடித்த ரப்பர் அடியுள்ள ஷூவோ பாதத்தைத் திரும்ப விடாது. மெல்லிய அடியுள்ள கான்வாஸ் ஷூ மாடிக்குப் பொருந்தும். மண் தரை கிடைத்தால் வெறுங்காலே நல்லது.

முன்பே கற்றவர் என்பதால் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில வாரங்களிலேயே பழைய வரிசைகள் நினைவுக்கு வந்துவிடும், தசையும் ஓரளவு வலுப்பெற்றுவிடும். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் அந்த வேகத்தில் தேறுவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். கை சுதாரித்துக்கொண்டது என்ற தைரியத்தில் வேகத்தைக் கூட்டும்போதுதான் குதிகால் தசைநாண் வலிக்கத் தொடங்கும், அல்லது முழங்கையின் வெளிப்பக்கத்தில் டென்னிஸ் எல்போ என்று மருத்துவர்கள் சொல்லும் வலி தலைகாட்டும். முழங்கை வலிக்குப் பெரும்பாலும் கம்பை இறுகப் பிடிப்பதே காரணம். கம்பு கைக்குள் உருளும் அளவுக்குத் தளர்வாகப் பிடித்து, சுழற்சியை மணிக்கட்டுக்கு விட்டுவிடுங்கள். தோளை இழுத்துச் சுற்றினால் கம்பு கனக்கும், தோளும் நோகும். நெற்றி உயரத்துக்குக் கம்பு வேண்டும் என்று வாத்தியார்கள் சொல்வது வழக்கம். அந்த அளவிலேயே, கொஞ்சம் மெல்லிய, எடை குறைந்த பிரம்பாக முதல் ஆறு மாதத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 52. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். சிலம்ப வகுப்பில் சேரலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சேரலாம். போகும்போது, "உடற்பயிற்சி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், கம்பு சுற்றுவது, குதிப்பது, எதிராளியோடு மோதுவது எல்லாம் இருக்கும் என்று விவரமாகச் சொல்லுங்கள். கண்ணின் விழித்திரையையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால், கடும் உழைப்பும் தலையில் படும் அதிர்வும் ஆபத்தாக முடியலாம்.

இன்சுலின் போடுபவரோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரை சாப்பிடுபவரோ என்றால், பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவைப் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். கைநடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நிறுத்திச் சாப்பிட, மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ பையில் இருக்கட்டும். மாலையில் கடுமையாகப் பயின்றால் சர்க்கரை நள்ளிரவுக்கு மேலும் இறங்கக்கூடும் என்பதை வீட்டிலிருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். சிலம்பம் வெறுங்காலில் ஆடும் கலை. உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் தைத்ததுகூடத் தெரியாது. ஆகையால் நீங்கள் செருப்பில்லாமல் களத்தில் இறங்க வேண்டாம், வீடு திரும்பியதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ரத்த அழுத்த மாத்திரைகளில் சில நாடித் துடிப்பையும் அடக்கிவைக்கும். எனவே நாடியை எண்ணி உழைப்பை அளக்க வேண்டாம். பயிற்சியின்போது பக்கத்திலிருப்பவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த அளவு போதும். அடிக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள், அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி தோன்றினால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 47. மகளைக் கராத்தே வகுப்பில் சேர்க்கப் போனவள் நானும் சேர்ந்துவிட்டேன். பிள்ளைகளோடு சேர்த்து எனக்கும் வாத்து நடை, தவளைத் தாவல் எல்லாம் கொடுக்கிறார்கள். முழங்கால் வலிக்கிறது. சக ஆசிரியைகள், "இந்த வயதில் இதெல்லாம் தேவையா?" என்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கராத்தேயை நிறுத்த வேண்டாம், சகோதரி. வாத்து நடையை இன்றே நிறுத்திவிடுங்கள். முழுவதும் குந்திய நிலையில் எடையோடு நடப்பது முழங்கால் சில்லுக்குப் பின்னால் பெரும் அழுத்தத்தை ஏற்றுகிறது. பத்து வயதுக் குழந்தை அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே வலிக்கும் முழங்காலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வகுப்பு முடிந்தபின் மாஸ்டரிடம் தனியாக, "இந்த இரண்டையும் விட்டுவிடுகிறேன் மாஸ்டர், அதற்குப் பதிலாக நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைச் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல மாஸ்டர் இதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டால், பெரியவர்களுக்குக் கற்பித்துப் பழக்கமில்லாதவர் என்று புரிந்துகொண்டு வேறு இடம் பாருங்கள். தண்டால் தரையில் எடுக்க முடியாவிட்டால் சுவரில் கையூன்றித் தொடங்கலாம். தாழ்ந்து நிற்கும் நிலைகளில் முழங்கால் வலிக்காத உயரமே இப்போதைக்கு உங்கள் உயரம்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டி எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். நின்றபடி, சொந்த எடையைத் தாங்கியபடி செய்யும் பயிற்சிகள் அந்தக் குறைவைத் தணிக்க உதவுகின்றன, விழாமல் நிற்கும் திறமையையும் வளர்க்கின்றன. கராத்தேயில் கட்டாவை, அதாவது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசையை, நிதானமாகச் செய்தாலே இவை இரண்டும் கிடைத்துவிடும். நாற்பது முதல் அறுபது வயது வரை பலருக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாகவும், தோள் இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போகும் கோளாறு வருகிறது. மேல்தடுப்பு செய்யும்போது கை வழக்கமான உயரத்துக்குப் போகவில்லை என்றால், வலியோடு தள்ளிப் பழகாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"இந்த வயதில் தேவையா?" என்று கேட்பவர்களிடம், கேரளத்தின் வடகரையில் களரிப் பயிற்று என்னும் தற்காப்புக் கலையைக் கற்பித்துவரும் மீனாட்சி அம்மாவின் பெயரைச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எழுபது வயதைத் தாண்டிய அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது நம் எல்லோருக்கும் பெருமையே. ஆனால் அவர் ஏழு வயதில் களரியில் இறங்கி வாழ்நாளெல்லாம் அதிலேயே இருந்தவர். அவருடைய பாய்ச்சலை, நாற்பத்தேழில் தொடங்கும் உங்களுக்கு அளவுகோலாக வைப்பது உங்களுக்கு நியாயம் செய்வதாகாது. உங்கள் அளவுகோல் உங்கள் சென்ற மாதம்தான்: வகுப்பறையில் நாள் முழுக்க நின்றபின் இடுப்பு வலி குறைந்திருக்கிறதா, மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுகிறீர்களா என்று பாருங்கள். பெல்ட் தேர்வுக்கு அவசரம் காட்டாதீர்கள். மகளுக்கு முன்னால் பச்சை பெல்ட் வாங்க வேண்டும் என்ற எண்ணமோ, அவளுக்குப் பின்தங்கிவிட்டோம் என்ற கூச்சமோ வேண்டாம். வகுப்பில் அவள் உங்கள் சக மாணவி. அங்கே அவளைத் திருத்தும் வேலையை மாஸ்டருக்கு விட்டுவிடுங்கள். இதைத் தவறவிட்டால் பிள்ளைகள்தான் முதலில் வகுப்புக்கு வர மறுப்பார்கள்.

கேள்வி: தையல் தொழிலாளி, வயது 49. நான்கு ஆண்டுகளாகச் சிலம்பம் பழகுகிறேன். இப்போது மோதிப் பழகச் சொல்கிறார் ஆசான். எதிரே நிற்பவர்கள் எல்லாம் கல்லூரிப் பையன்கள். விரலில் அடிபட்டால் பிழைப்பு போய்விடும். இரவு ஷிப்டும் உண்டு. மோதாமல் சிலம்பம் முழுமையாகுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: மோதாமல் கற்றால் தூரமும் நேரமும் பிடிபடாது என்று உங்கள் ஆசான் கருதுவது சரியே. ஆனால் மோதிப் பழகுவதற்குப் பல படிகள் இருக்கின்றன. கம்பின் நுனியில் பொடியைத் தோய்த்து, எதிராளியின் உடம்பில் பதிந்த பொட்டுகளை எண்ணி வெற்றியைத் தீர்மானிக்கும் முறை நம் சிலம்பத்தில் உண்டு. இன்றைய போட்டிகளிலும் தொட்டதற்கே புள்ளி. உங்களுக்குப் பொருந்துவது இந்தத் தொடுமுறைதான்.

முதல் சில மாதங்கள், ஒருவர் சொல்லி வைத்த அடியை மெது வேகத்தில் கொடுக்க, மற்றவர் தடுத்துக் காலடி மாற்றுவது என்ற அளவில் நில்லுங்கள். எதிரே நிற்கும் இளைஞரிடம், "தம்பி, தையல் மெஷின்ல உக்கார்ற கை, விரல் பக்கம் வேகம் வேண்டாம்" என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொன்ன பின்னும் வேகம் காட்டுபவரோடு நிற்காதீர்கள். விரலில் படும் அடிகளில் பல, தடுக்கும்போது எதிராளியின் கம்பு நம் கம்பின்மேல் வழுக்கி வருவதால் படுகின்றன. அதனால் கம்பைக் குறுக்கே நீட்டித் தடுப்பதைக் குறைத்து, ஓரடி விலகி அடியை வெறுங்காற்றில் போகவிடும் காலடியைப் பெருக்குங்கள். உங்கள் வயதுக்கும் தொழிலுக்கும் அதுவே சிறந்த தற்காப்பு, நான்கு ஆண்டுப் பழக்கம் உங்களுக்குக் கைகொடுப்பதும் அங்கேதான். தலைக்கவசம் கட்டாயம். விரல் கணுக்களை மூடும் பஞ்சுவைத்த கையுறையும் அணியுங்கள். மோதிரம் போட்டிருந்தால் களத்துக்கு வரும் முன் கழற்றிவிடுங்கள். விரல் வீங்கிய பின் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இரவு ஷிப்ட் முடித்த காலையில் மோதவே கூடாது. தூக்கம் கெட்ட உடம்பில் கண் பார்த்ததற்கும் கை நகர்வதற்கும் இடைவெளி கூடிவிடும், எதிரே இருபது வயதுக் கை இருக்கிறது. அன்று வணக்கம் செலுத்தும் சலாம் வரிசையும் மெதுவான காலடியும் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். தூக்கத்தை வெட்டிப் பயிற்சிக்கு நேரம் தேடுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பகல் ஷிப்ட் வாரங்களில் இரண்டு மாலைகளை மோதிப் பழக ஒதுக்குங்கள், இரவு ஷிப்ட் வாரத்தில் அதை விட்டுவிடுங்கள். இந்த ஏற்பாட்டை மேற்பார்வையாளர் தரும் ஷிப்ட் அட்டவணை வந்த அன்றே ஆசானிடம் காட்டிப் பேசி வைத்துக்கொண்டால், வராத நாள்களுக்கு அவரும் காரணம் கேட்க மாட்டார்.