மானியம் கைக்கு வராது, கடன் கணக்குக்குத்தான் வரும்

கேள்வி: காங்கேயம் அருகே ஊராட்சிக்கு உட்பட்ட கிராமத்தில் வசிக்கிறேன். வயது 34, பி.ஏ. படித்திருக்கிறேன். மாமனார் நிலத்தில் ஷெட் போட்டுத் தேங்காய் எண்ணெய் ஆலை தொடங்க நினைக்கிறேன். ஷெட், இயந்திரங்களுக்கு 12 லட்சம், கொப்பரை வாங்க 6 லட்சம், ஆக 18 லட்சம் ஆகும். அரசு மானியம் எந்தத் திட்டத்தில் அதிகம்? ஏழு சதவீதம் கமிஷன் கொடுத்தால் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். பழைய எக்ஸ்பெல்லர் (எண்ணெய் பிழியும் இயந்திரம்) ஒன்று மலிவாக வருகிறது. இப்போதே முன்பணம் கொடுத்துவிடலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். கமிஷனும் கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் கணக்குக்குப் போக வேண்டும்.

உங்களுக்குப் பொருந்துவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி. 2022-ல் திருத்திய விதிகளின்படி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களை இதில் கொண்டுவரலாம். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால் உங்கள் பங்கு 5 சதவீதம் போதும். தொழில் நடக்கும் இடம் ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் மானியம் 35 சதவீதம். அதே ஷெட் நகராட்சி எல்லைக்குள் நாலு அடி தள்ளி இருந்தால் 25 சதவீதம்தான். உங்கள் 18 லட்சத்தில் அந்த நாலு அடியின் விலை 1.80 லட்சம்! மாமனார் நிலம் எந்த எல்லையில் இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் இன்றைக்கே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் மானியம் 25 சதவீதம், அதாவது அதிகபட்சம் 4.50 லட்சம். கூடவே வட்டியில் 3 சதவீதச் சலுகை உண்டு. இயந்திரக் கடனுக்கு அது ஐந்து ஆண்டில் 85,000 ரூபாயை ஒட்டி வரும். இரண்டையும் கூட்டினாலும் பி.எம்.இ.ஜி.பி. தரும் 6.30 லட்சத்தை எட்டாது. 50 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டம் என்றால் நீட்ஸையும் பாருங்கள். பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் பாருங்கள். 35 சதவீத மானியத்தோடு 6 சதவீத வட்டிச் சலுகையும் அதில் இருக்கிறது.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். 6.30 லட்சம் உங்கள் கைக்கு வராது. உங்கள் பங்கு 90,000 போக மீதி 17.10 லட்சத்தையும் வங்கி கடனாகவே தரும். மானியம் பிறகு வங்கிக்கு வந்து, மூன்று ஆண்டுகளுக்கு வட்டியில்லா வைப்பாகக் கிடக்கும். மூன்று ஆண்டு முடிந்து, ஆலை ஓடுகிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகே அது கடனில் கழியும். நடுவில் ஆலையை மூடினால் கழியும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே முதல் மூன்று ஆண்டுக்கு மானியமே இல்லை என்று எண்ணிக்கொண்டு தவணையைக் கணக்கிடுங்கள். ஷெட், இயந்திரங்களுக்கான 12 லட்சத்தில் உங்கள் 5 சதவீதம் போக வரும் கடன் 11.40 லட்சத்தை ஐந்து ஆண்டில் அடைப்பதானால் அசல் மட்டும் மாதம் 19,000 ரூபாய். வட்டி தனி. எண்ணெய் விற்று இதைக் கட்ட முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மானியத் தொகை வைப்பில் இருக்கும்வரை அதற்கு வட்டி கிடைக்காது. அதற்கு ஈடாக, கடனில் அதே அளவு தொகைக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 69,300 ரூபாய் மிச்சம். கிளையில் இதைக் கணினியில் ஏற்ற மறப்பதும் உண்டு. மானியம் வந்த தேதியைக் கேட்டு வாங்கி, அன்றிலிருந்து வட்டி குறைந்திருக்கிறதா என்று கணக்கு அறிக்கையில் நீங்களே பாருங்கள். குறையவில்லை என்றால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுங்கள்.

கொப்பரைக்கான 6 லட்சத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சரக்கு வாங்க வேண்டியபோது எடுத்து, விற்றதும் திருப்பிக் கட்டும் நடைமுறை மூலதனக் கடனான சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கின் வரம்பை மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையாவது நீங்கள் முழுமையாகத் தொட வேண்டும். சராசரியாக 75 சதவீதத்துக்குக் குறையாமல் பயன்படுத்தவும் வேண்டும். இல்லையென்றால் அந்த விகிதத்தில் மானியம் திரும்பிப் போய்விடும். வட்டிக்குப் பயந்து சி.சி. கணக்கைத் தொடாமல் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் தொழிலில் கொப்பரையை ரொக்கத்துக்கு வாங்கி, எண்ணெயைக் கடைகளுக்குக் கடனாகப் போட வேண்டியிருக்கும். வரத்து மிகுந்த மாதங்களில் வரம்பைத் தொடுவது எளிது, வருடம் முழுக்க 75 சதவீதம் என்பதுதான் கடினம். உண்மையில் 4 லட்சம்தான் சுழலும் என்றால் அந்தத் தொகையையே கேளுங்கள். மானியத்துக்காகத் திட்டத்தை ஊதிப் பெருக்குவதில் பயனில்லை.

ஊதிப் பெருக்கச் சொல்வதுதான் தரகரின் வேலை. 9 லட்சம் இயந்திரத்துக்கு 12 லட்சம் என்று கொட்டேஷன் வாங்கித் தருவார். அந்தக் கூடுதல் தொகைக்கும் வட்டி கட்டப்போவது நீங்கள்தான், நேரடி ஆய்வில் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் நீங்களே பதிவுசெய்யலாம், மாவட்டத் தொழில் மையத்திலும் உதவுவார்கள்.

பழைய எக்ஸ்பெல்லர் விஷயம்: இந்த மானியம் புதிய தொழிலுக்கு மட்டும்தான். கடன் அனுமதிக்கு முன்பே இயந்திரத்தை ஓட்டி, எண்ணெய் விற்று, பில் போட்டுவிட்டால் ‘ஏற்கெனவே இயங்கும் ஆலை’ ஆகிவிடுவீர்கள். அப்புறம் மொத்தமும் போச்சு. வங்கியும் இயந்திர விற்பனையாளருக்கே நேரடியாகப் பணம் அனுப்பும், அதற்கு முறையான கொட்டேஷனும் ஜி.எஸ்.டி. பில்லும் வேண்டும். பழைய இயந்திரம் விற்பவர் அவற்றைத் தர மாட்டார்.

நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. மாமனார் பெயரில் உள்ள நிலத்துக்கு உங்கள் பெயரில் குத்தகைப் பத்திரம் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் முன்பே இதே திட்டத்தில் கடன் வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது, கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான். உங்கள் அளவுத் திட்டத்துக்குத் தொழில்முனைவோர் பயிற்சி கட்டாயம். அதை இணைய வழியிலும் முடிக்கலாம். மானியம் வருவதற்குள் அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.