கேள்வி – பதில்: இல்லாத நாட்டுக்கு ஒரு கொடி

வரலாறு ஓரிடத்தில் திசைமாறிப் போயிருந்தால், இன்று உலகப் படத்தில் இல்லாத ஒரு நாடு இருந்திருக்கலாம். அதன் கொடி எப்படி இருக்கும் என்று வரைந்து அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தேன். படங்களோடு கேள்விகளும் வந்திருக்கின்றன. ஈரோட்டில் துணிக்கொடி அச்சடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். அதனால் என் பதில்களில் சாயமும் துணியும் அடிக்கடி வரும்.

கரீபியன் கடலின் பிரிட்டிஷ் தீவுகள் 1958-இல் ஒன்றுசேர்ந்து அமைத்து, 1962-இல் கலைந்துபோன மேற்கிந்தியக் கூட்டமைப்பு, கலையாமல் இன்றும் ஒரே நாடாக இருப்பதாக வைத்து வரைந்தேன். பத்துப் பகுதிகளுக்குப் பத்து நட்சத்திரம், நடுவில் தென்னை மரம். பார்த்தால் ஏதோ குறைகிறது. என்ன குறை?
– கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, அந்த மரம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணியின் கொடியில் ஒரு சின்னத் தீவும், அதில் மரமும் ஸ்டம்புகளும் இருக்கும். விளையாட்டு அணிக்கு அது பொருத்தம். ஆனால் அந்தக் கூட்டமைப்புக்கு உண்மையிலேயே ஒரு கொடி இருந்தது, அதை முதலில் பாருங்கள். நீலத் துணியில் நான்கு வெள்ளை அலைக்கோடுகள், நடுவில் ஆரஞ்சு கலந்த பொன்னிற வட்டம். சிற்பி எட்னா மான்லி வடிவமைத்தது. கடலும் சூரியனும் எல்லாத் தீவுக்கும் பொது. எந்தத் தீவும் 'இது என்னுடையது' என்று சொல்ல முடியாது, 'என்னுடையது எங்கே?' என்றும் கேட்க முடியாது.

இப்போது உங்கள் பத்து நட்சத்திரங்களுக்கு வருவோம். 1960 வாக்கில் ஜமைக்காவில் சுமார் 16 லட்சம் பேர், மான்ட்செராட்டில் சுமார் 12,000 பேர். இரண்டுக்கும் ஒரே அளவு நட்சத்திரம் என்றால் ஜமைக்காக்காரர்கள் என்ன சொல்வார்கள்? ஜமைக்காவும் டிரினிடாடும் சேர்ந்தாலே கூட்டமைப்பின் மக்கள்தொகையில் முக்கால் பங்குக்கு மேல். பாரத்தையெல்லாம் நாங்கள் சுமக்க வேண்டியிருக்கும் என்ற எண்ணம் ஜமைக்காவில் பலருக்கு இருந்தது. 1961 செப்டம்பரில் அங்கே வாக்கெடுப்பு நடந்தது, விலகுவது என்று முடிவானது. "பத்தில் ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம்" என்று சொல்லி டிரினிடாட் தலைவர் எரிக் வில்லியம்ஸும் விலகினார். கதை முடிந்தது.

உங்கள் கதையில் கூட்டமைப்பு பிழைத்திருக்கிறது. அப்படியென்றால் அந்த வாக்கெடுப்பில் ஜமைக்கா 'சேர்ந்திருப்போம்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொன்னது? என்ன கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்? தலைநகரை போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து கிங்ஸ்டனுக்கு மாற்றினார்களா? வரிவிதிப்பை அந்தந்தத் தீவுக்கே விட்டுவிட்டார்களா? இதை ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு பென்சிலை எடுங்கள். கொடியை எந்த நாளில், எந்த அறையில், யார் யார் உட்கார்ந்து ஒப்புக்கொண்டார்கள் என்பது தெரியாமல் வரைந்தால் கிடைப்பது அலங்காரத் துணிதான். உங்கள் படத்தில் குறைவது அந்த அறை.

இன்னொன்றும் கவனியுங்கள். தனித்தனியாகச் சுதந்திரம் பெற்றபோது ஜமைக்கா கறுப்பு, பொன், பச்சை எடுத்தது. டிரினிடாட் சிவப்பில் வெள்ளை விளிம்போடு கறுப்புப் பட்டையைக் குறுக்கே இழுத்தது. இரண்டிலும் கறுப்பு இருக்கிறது, 1958-இன் கூட்டமைப்புக் கொடியில் இல்லை. விடுதலை நாளில் கறுப்பு வேண்டும் என்று மக்கள் கேட்டிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். நானாக இருந்தால் நான்கு அலைகளையும் சூரியனையும் அப்படியே வைத்து, கம்பப் பக்கம் ஒரு கறுப்புப் பட்டை சேர்ப்பேன். தென் அமெரிக்கக் கரையிலுள்ள கயானாவை மறந்துவிடாதீர்கள். மேற்கிந்தியக் கிரிக்கெட் அணியில் ஆடிய கிளைவ் லாயிடும் சந்தர்பாலும் அந்த மண்ணுக்காரர்கள்தான், ஆனால் அது கூட்டமைப்பில் சேரவே இல்லை. உங்கள் உலகில் பின்னால் சேர்ந்ததென்றால் நட்சத்திரம் பதினொன்றாகும், எல்லாக் கொடியையும் திரும்ப அச்சடிக்க வேண்டும். அலைக்கோடு என்றால் அந்தத் தொல்லையே இல்லை.

ஊதா நிறம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1700-இல் உருவான ஒரு கடல் வணிகக் குடியரசுக்கு ஊதாக் கொடி வைக்கலாமா?
– பள்ளி மாணவி, நாகர்கோவில்

வேண்டாம் கண்ணு. 1700-இல் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிற்கிற ஊதாச் சாயத்துக்குக் கப்பல்காரர்கள் கொடுக்கிற காசு கட்டுப்படியாகாது. பழைய காலத்து ஊதா கடல் நத்தையிலிருந்து எடுத்தது, அரசர்களுக்கு மட்டும் எட்டிய விலை. அவுரி நீலத்தில் தோய்த்த துணியைச் சிவப்பில் மறுபடி தோய்த்தும் ஊதா வரவழைக்கலாம், ஆனால் ஒரு நிறம் முன்னே வெளுத்து மற்றது தங்கிவிடும். 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். அதற்கு அப்புறம்தான் ஊதா கடைத்தெருவுக்கு வந்தது.

அதனால் உன் குடியரசு 1931-இல் புரட்சி நடந்து மறுபிறப்பு எடுத்ததாக வை. அதே வருடம் ஸ்பெயினில் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தபோது, சிவப்பு மஞ்சளோடு கீழே ஊதாப் பட்டை சேர்த்தார்கள். உனக்கு அதுவே நல்ல துணை.

1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி வெற்றி பெற்றிருந்தால் ஜெர்மனியின் கொடி என்ன ஆகியிருக்கும்?
– வரலாற்று ஆசிரியர், கோயம்புத்தூர்

இந்தக் கேள்விக்குக் கற்பனையே தேவையில்லை சார். சதித்திட்டத்தில் இருந்தவர்களில் ஒருவரான யோசெப் விர்மர் என்ற வழக்கறிஞர் கொடியை வரைந்தே வைத்திருந்தார். சிவப்புத் துணியில் கறுப்புச் சிலுவை, சிலுவையைச் சுற்றிப் பொன்னிற விளிம்பு. சிலுவையின் செங்குத்துக் கை கம்பப் பக்கம் தள்ளி நிற்கும், டென்மார்க், ஸ்வீடன் கொடிகளில் இருப்பது போலவே. புதிய அரசில் அவரை நீதி அமைச்சராக்க நினைத்திருந்தார்கள். குண்டு வெடித்தும் ஹிட்லர் பிழைத்துக்கொண்டான். விர்மரை அந்த வருடம் செப்டம்பர் 8 அன்று தூக்கிலிட்டார்கள். பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும், மறுநாள் ஏற்ற வேண்டிய கொடியைப் பற்றி யோசித்த மனிதர். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

போருக்குப் பின் அவருடைய தம்பி எர்ன்ஸ்ட் அந்த வடிவத்தைப் புதிய அரசியலமைப்பை எழுதியவர்களிடம் கொண்டுபோனார். 1949-இல் அவர்கள் கறுப்பு-சிவப்பு-பொன் மூவர்ணத்தைத் தேர்ந்தார்கள். சமீப வருடங்களில் அங்குள்ள தீவிர வலதுசாரிகள் சிலர் விர்மர் கொடியை ஊர்வலங்களில் தூக்குகிறார்கள். குடும்பத்தினர் அதை எதிர்த்திருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் உங்கள் மாணவர்களுக்கு இதையே விடையாகச் சொல்லிவிடாதீர்கள். சதிகாரர்களில் ராணுவ அதிகாரிகள் இருந்தார்கள், பழைய பேரரசின் கறுப்பு-வெள்ளை-சிவப்பில் வளர்ந்த பழமைவாதிகள் இருந்தார்கள், 1919 குடியரசின் கறுப்பு-சிவப்பு-பொன்னை ஏற்ற சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள். இந்த இரண்டு நிறக்கூட்டங்களுக்கு இடையிலான சண்டை ஜெர்மனியில் சாதாரணமானதல்ல. 1926-இல் வெளிநாடுகளில் உள்ள ஜெர்மன் தூதரகங்களில் கறுப்பு-வெள்ளை-சிவப்பையும் சேர்த்து ஏற்றலாம் என்று ஆணை போட்டதற்காகச் சான்சலர் ஹான்ஸ் லூதரின் அரசே கவிழ்ந்தது. ஆகவே ஜூலை 21 காலையில் விர்மரின் கொடி ஏறியிருக்குமா, ராணுவம் பழைய பேரரசுக் கொடியைத்தான் ஏற்றியிருக்குமா? வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள். விர்மர் கறுப்பு-சிவப்பு-பொன் நிறங்களைப் பட்டைகளாகப் போடாமல் சிலுவை வடிவத்தில் வைத்ததே, குடியரசு நிறத்தை வெறுத்தவர்களையும் இழுத்துக்கொள்ளத்தான் என்பது என் ஊகம்.

சிவப்பு முக்கோணத்தைப் பச்சையில் வைத்தேன். தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. நிறத்தை மாற்றவா?
– வாசகர், சிவகாசி

மாற்ற வேண்டாம், நடுவில் கோடு போடுங்கள். விட்னி ஸ்மித் என்ற அமெரிக்க இளைஞர் கயானாவுக்காக ஒரு வடிவம் அனுப்பினார். அதிலிருந்து வந்ததுதான் கயானாவின் இன்றைய கொடி: பச்சை நிலத்தில் மஞ்சள் அம்புமுனை, அதன்மேல் சிவப்பு முக்கோணம். பிரிட்டனின் சின்னங்களைக் கவனிக்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே மெல்லிய கறுப்பையும், மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே வெள்ளையையும் சேர்க்கச் சொன்னது. 1966-இல் அந்தக் கோடுகளோடு ஏறியது. கண்ணுக்கு மட்டும் இல்லை, பட்டறைக்கும் அது நல்லது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன். இரண்டாவது ஸ்கிரீன் ஒரு நூல் விலகினாலும் சிவப்பு பச்சைமேல் ஏறி அழுக்கு நிறம் காட்டும். நடுவில் வெள்ளை இருந்தால் அந்தப் பிசகு தெரியாது.

சோழப் பேரரசு இன்றுவரை நீடித்திருந்தால் புலிக்கொடியை அப்படியே வைத்துவிடலாம் அல்லவா?
– ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியர், தஞ்சாவூர்

ஐயா, அப்படியே வைக்க முடியாது என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல சாட்சி சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. ஐரோப்பியர் ஆட்சிக்குள் போகாமல் தப்பிய ஆசிய அரசு அது. ஆனாலும் கொடி மாறிக்கொண்டே வந்தது. முதலில் வெறும் சிவப்பு. கடலில் அடையாளம் போதாமல் சக்கரம் சேர்த்தார்கள், பிறகு வெள்ளை யானை வந்தது. யானை வரைவதற்கும் அச்சிடுவதற்கும் கஷ்டம். மன்னர் வஜிராவுத் ஓர் ஊருக்குப் போனபோது கொடியில் யானை தலைகீழாகத் தொங்கியதைப் பார்த்தார், அதனால்தான் எப்படி ஏற்றினாலும் சரியாக இருக்கும் கொடியைத் தேடினார் என்று சொல்வார்கள். 1917 செப்டம்பரில் சிவப்பு-வெள்ளை-நீலப் பட்டைகள் வந்தன. முதல் உலகப் போரில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, கூட்டாளி நாடுகளின் நிறங்களும் அவைதான்.

சோழருக்கும் இதே நெருக்கடி வந்திருக்கும். 1498-க்குப் பிறகு போர்த்துகீசியக் கப்பல்கள், அப்புறம் டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலேயர். துறைமுகத்தில் தூரத்திலிருந்தே நண்பனா பகைவனா என்று தெரிய வேண்டும். புலியின் கோடுகள் அந்தத் தூரத்தில் தெரியாது. துணியின் பின்பக்கம் இன்னொரு பிரச்சினை, உருவம் திரும்பிவிடும். நம் மூவர்ணக் கொடியில் ராட்டைக்குப் பதில் அசோகச் சக்கரம் வந்ததற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. ராட்டையில் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் நூல் நூற்கும் கதிர், கொடியை மறுபுறம் பார்த்தால் மாறித் தெரியும் என்று 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு விளக்கினார்.

ஆனால் எனக்குப் பெரிய விஷயம் வேறு. சோழர் செப்பேடுகளின் முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்த புலி, அதன் பக்கத்தில் பாண்டியரின் இரண்டு மீன்கள், சேரரின் வில். வென்றவன் தன் அடையாளத்தோடு தோற்றவனின் அடையாளத்தையும் வைத்துக்கொண்ட முத்திரை அது. 11-ஆம் நூற்றாண்டில் அது பெருமை. அதே அரசு 20-ஆம் நூற்றாண்டில் தேர்தலும் சட்டமன்றமும் உள்ள நாடாக மாறும்போது, மதுரைக்காரர்கள் அந்த மீனை எப்படிப் பார்ப்பார்கள்? 'எங்கள் மீன் எங்களுக்குத் தனியாக வேண்டும்' என்பார்களா, 'புலியின் அளவுக்கே மீனும் இருக்கட்டும்' என்பார்களா? ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு 1606-இலேயே இந்தக் குறை வந்தது. இரண்டு சிலுவைகளைச் சேர்த்துச் செய்த கொடியில் தங்கள் சிலுவை இங்கிலாந்தின் சிலுவைக்கு அடியில் போய்விட்டது என்று புகார் செய்தார்கள். உங்கள் கொடியில் புலி, மீன், வில் மூன்றும் எந்த வரிசையில், எந்த அளவில் என்று முடிவு செய்யுங்கள். அதிலேயே உங்கள் பேரரசின் கடைசி நானூறு வருட வரலாறு வந்துவிடும்.

நடக்காத வரலாற்றுக்குக் கொடி வரைவது வீண் வேலை என்று என் மாமா சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– பொறியியல் மாணவர், திருச்சி

மாமாவிடம் ஈராக் கொடியைப் பற்றிச் சொல்லுங்கள். 1958-இல் எகிப்தும் சிரியாவும் ஒரே நாடாகச் சேர்ந்து, சிவப்பு-வெள்ளை-கறுப்பில் இரண்டு பச்சை நட்சத்திரம் வைத்தன. 1961-இல் பிரிந்தன. 1963-இல் ஈராக்கும் சேர்ந்து மூன்று நாட்டு ஒன்றியம் அமைக்கப் பேசினார்கள், கெய்ரோவில் ஒப்பந்தமும் ஆனது. அந்த நம்பிக்கையில் ஈராக் மூன்று நட்சத்திரக் கொடியை எடுத்துக்கொண்டது, சிரியாவும் எடுத்தது. ஒன்றியம் நடக்கவே இல்லை. சிரியா 1972-இல் அந்தக் கொடியை விட்டது. ஈராக்கில் பின்னால் நட்சத்திரங்களுக்கு ஆளும் பாத் கட்சியின் முழக்கங்களைப் பொருளாகச் சொன்னார்கள், 1991-இல் நடுவே எழுத்துகள் வந்தன. 2008-இல்தான் நட்சத்திரங்கள் நீங்கின. பிறக்காத ஒரு நாட்டின் கொடி 45 வருடம் நிஜமான பள்ளிக்கூடங்களிலும் எல்லைச் சாவடிகளிலும் பறந்திருக்கிறது. அரசாங்கங்களே செய்த வேலையை நீங்கள் தாளில் செய்கிறீர்கள். அதைச் செய்யும்போது, அந்த மூன்று தலைநகரங்களில் யார் யாரை நம்பவில்லை என்று படிக்க வேண்டி வருகிறதே, அது வீணா?

மாமா ஒப்புக்கொண்டால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வட யெமனின் கொடியிலும் அந்தக் காலத்தில் இதே மூன்று நிறமும் ஒரு பச்சை நட்சத்திரமும் இருந்தன. 1964-இல் யெமனும் உள்ளே வந்ததாக வைத்து, நான்காவது நட்சத்திரத்துக்கு எங்கே இடம் கொடுப்பீர்கள், எகிப்து அதிபர் நாசர் அதற்கு ஒப்புக்கொள்வாரா என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்து, அரைப் பக்கக் குறிப்போடு அனுப்புங்கள். 2:3 அளவில், தபால்தலை அளவுக்குச் சுருக்கிய பிரதி ஒன்றும் கூடவே இருக்கட்டும்.