வகுப்பறையில் வலைக் கருவிகள்: ஆசிரியர்கள் கேட்டவை

கேள்வி: எட்டாம் வகுப்பு, 38 பேர். பிள்ளைகள் போன் கொண்டுவர அனுமதி இல்லை. போனில் விடை சொல்லும் கஹூட் விளையாட்டு மாதிரி வினாடி வினா நடத்த வழி உண்டா சார்?

பதில்: உண்டு, பிளிக்கர்ஸ் என்ற செயலி. உங்கள் போன் ஒன்று போதும். அட்டைகளை அச்சடித்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒவ்வொரு அட்டையிலும் வேறு வடிவம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தன் விடை எதுவோ அந்த எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைப் பிடிக்க வேண்டும். கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துவிடும். வடிவங்கள் வேறு வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. பளபளக்கும் லேமினேஷன் மட்டும் வேண்டாம், வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது.

கேள்வி: சரியான விடையைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறேன். அது போதுமா?

பதில்: போதாது டீச்சர். கருவி வீணாவதே அந்த இடத்தில்தான். ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் காட்டிய வழி எளிது: முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி விடை. முதல் சுற்றில் ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால்தான் அந்த வாதத்தில் சூடு இருக்கும். அதற்குக் கீழே என்றால் பாடத்தையே திரும்ப நடத்துங்கள். மேலே என்றால் ஒரு வரி விளக்கிவிட்டு நகரலாம். இரண்டாம் சுற்று முடியும்வரை எத்தனை பேர் எதைச் சொன்னார்கள் என்பதைத் திரையில் காட்டாதீர்கள். காட்டினால் கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எல்லாரும் சாய்ந்துவிடுவார்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் வயரும் பல்பும் இருக்கும்போது, சோதனைகளைத் திரையில் செய்துபார்க்கும் ஃபெட் எதற்கு? நெட்டும் அடிக்கடி போகிறது.

பதில்: முதலில் வயரும் பல்பும்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணுக்குத் தெரியாததற்கும் கையால் செய்யக் கூடாததற்கும்தான் ஃபெட். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வதை அது காட்டும். குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) போட்டால் திரையில் பேட்டரி தீப்பிடிக்கும். பிள்ளைகள் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்வார்கள், விடுங்கள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. இலவசம், பல செயல்பாடுகள் தமிழிலும் உண்டு. கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். பொத்தானை அழுத்துமுன், “இரண்டாவது பல்பைத் தொடரில் சேர்த்தால் முதல் பல்பு என்ன ஆகும்?” என்று கேட்டு, விடையை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: வானியல் அறிஞர் ஒருவரை ஜூமில் பேச அழைத்திருக்கிறோம். இலவசக் கணக்கின் 40 நிமிடம் போதுமா?

பதில்: அது அதிகம். பேச்சு பத்து நிமிடம், கேள்விகள் பதினைந்து நிமிடம். கேள்விகளை முன்னதாகவே வாங்கி அவருக்கு அனுப்பிவிடுங்கள். படங்களையும் முன்பே வாங்கி உங்கள் கணினியிலேயே திறங்கள். நெட் தடுமாறினால் அவருடைய வீடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். ஒலிக்கு நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும், நல்ல தரமான வீடியோவுக்கு 600 வரை வேண்டும். கடைசி பெஞ்சிலிருந்து கேட்டால் அவருக்குக் காதில் விழாது. கேட்கிற பிள்ளை மைக் அருகே எழுந்து வரட்டும். அப்புறம், அறையில் ஒரே ஒரு கருவியில்தான் ஒலி இருக்க வேண்டும், இல்லையென்றால் கீச்சென்று கத்தும்.

கேள்வி: அதைப் பதிவுசெய்து யூடியூபில் போடலாமா?

பதில்: அறிஞர் சம்மதித்தால் அவர் பேச்சை மட்டும். பிள்ளைகளின் முகமும் பெயரும் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர் குழந்தை, பெற்றோர் சம்மதம் தேவை.

கேள்வி: கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டில் செய்த பாடங்கள் எல்லாம் போய்விட்டனவா?

பதில்: 2024 டிசம்பர் 31உடன் கூகுள் அதை மூடிவிட்டது. உங்கள் டிரைவில் பிடிஎஃப் என்று தேடிப் பாருங்கள், பழைய பலகைகளை அப்படி மாற்றித் தருவதாக அறிவித்திருந்தார்கள். இனி எந்தக் கருவியில் செய்தாலும் ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டுவையுங்கள்.