நாடகம் படிக்க விரும்பும் மகளுக்காக ஏழரை லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் வசிக்கிறேன். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 51, 58-இல் ஓய்வு. பிடித்தம் போக மாதம் 48,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 14,000 ரூபாய், இன்னும் ஆறு ஆண்டுகள் கட்ட வேண்டும். எல்லாம் போக மாதம் 10,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடிகிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்த என் ஒரே மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். கல்லூரியில் நாடகம்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் படிப்புக்கு விடுதியோடு சேர்த்து 12 லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். அவள் பெயரில் செல்வமகள் கணக்கில் 3.8 லட்சமும், வங்கி வைப்பில் 2.5 லட்சமும் உள்ளன. செல்வமகள் கணக்கில் பாதியையும் வைப்புத்தொகையையும் எடுத்துவிட்டு, மீதிக்கு 7.5 லட்சம் கல்விக் கடன் வாங்க நினைக்கிறேன். குறைந்தால் மனைவியின் நகையை அடகு வைக்கலாம். மைத்துனரோ, இந்தப் பணத்தில் இன்ஜினீயரிங் படிக்க வைக்கலாமே என்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் மகள் நாடகம் படிக்கட்டும். அதை மனத்தில் உறுதியாக வைத்துக்கொண்டுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன். ஆனால், இந்த ஆண்டே, இந்தக் கடனை வாங்கி, இந்தப் படிப்பில் சேர்க்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. நாடகத்தில் வருமானம் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். குறைந்த வருமானத்தில் சிக்கனமாக வாழ்ந்து, தொழிலைக் கற்று மேலே வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. மாதம் தவறாமல் கட்ட வேண்டிய தவணை தலைமேல் இருந்தால் அப்படி வாழ்வதற்கான வாய்ப்பே அவளுக்குக் கிடைக்காது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு 2.5 லட்சம் வீதம் மூன்று தவணைகளாகக் கடன் கைக்கு வருகிறது, வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். நான்காம் ஆண்டு முடியும்போது அந்த வட்டி மட்டும் ஏறத்தாழ 2.36 லட்சமாகி, கடன் 9.86 லட்சத்தில் நிற்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 13,300 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் கட்டி முடிப்பது 16 லட்சத்தை நெருங்கும். பதினைந்து ஆண்டுகளாக நீட்டினால் தவணை 10,900 ரூபாயாகக் குறையும், மொத்தமோ 19.6 லட்சமாகிவிடும். முதல் தவணை வரும்போது உங்களுக்கு வயது 55. இன்றைய உங்கள் மிச்சத்தைவிடத் தவணை அதிகம். முதல் இரண்டு ஆண்டுகள் வீட்டுக் கடனும் கூடவே ஓடும். மூன்று ஆண்டுகள் கட்டியதும் நீங்கள் ஓய்வு பெறுவீர்கள். மீதி ஏழு ஆண்டுச் சுமை இருபத்தைந்து வயதுப் பெண்ணின் தோளில் ஏறும். கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிக்கழிவு உண்டு என்று வங்கியில் சொல்வார்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும் என்பதால், உங்கள் சம்பளத்துக்கு அதை நம்பி முடிவெடுக்க ஒன்றுமில்லை.

நாடகத் தொழிலில் பணம் எப்படி வருகிறது என்பதை அறிய நீங்கள் பெங்களூர் வரை போக வேண்டியதில்லை. மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவுக்குப் போய் நாடக நடிகர்களிடம் பேசினாலே போதும். ஸ்பெஷல் நாடகத்தில் எல்லோரும் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்ல. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரிபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடிக்கிறார்கள், அன்றைய இரவு மேடையில்தான் அவர்கள் ஒன்று சேர்கிறார்கள். உடை, நகை, ஒப்பனை எல்லாம் அவரவர் செலவு. கோயில் திருவிழாக்கள் நடக்கும் பங்குனி முதல் ஆடி வரை இரவெல்லாம் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் நடக்கும். அந்த மாதங்களில் சம்பாதித்ததைக் கொண்டே மற்ற மாதங்களை ஓட்ட வேண்டும். நகரத்து நவீன நாடகக்காரர்களின் வரவும் இதே போலத்தான் விட்டுவிட்டு வருகிறது. ஒரு தயாரிப்புக்கு நிதி கிடைக்கும், அடுத்தது எப்போது என்று தெரியாது. வங்கித் தவணைக்குப் பங்குனியும் ஐப்பசியும் ஒன்றுதான். இரண்டு மாதம் தவறினால் கடன் மதிப்பெண் விழும், மூன்று மாதம் தாண்டினால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பயத்தில் உங்கள் மகள் கையில் கிடைக்கும் ஏதோ ஒரு வேலைக்குப் போவாள், படித்த நாடகம் வீட்டு மூலையில் கிடக்கும். 12 லட்சம் செலவழித்து அந்த நிலைக்கு அவளைக் கொண்டுபோக வேண்டுமா என்பதுதான் என் கவலை.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். நாடகக் கலையில் நல்ல பயிற்சிகள் பலவும் மாணவரைத் தாங்கியே நடந்திருக்கின்றன. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் இதே மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்துத்தான் பாட்டும் நடிப்பும் கற்றுக்கொடுத்தார்கள். இன்றும் டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் பயிற்சிக்குத் தேர்வாகும் மாணவர்களுக்கு மாத உதவித்தொகை கிடைக்கிறது. அதற்கு ஏதாவது ஒரு பட்டம், நாடகங்களில் பங்கேற்ற அனுபவம், இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருப்பது ஆகியவை வேண்டும். முப்பது வயது வரை விண்ணப்பிக்கலாம் என்பதால் அவசரமே இல்லை. மத்தியப் பல்கலைக்கழகமான புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. இவற்றின் கட்டணத்தையும் நீங்கள் சொல்லும் 12 லட்சத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. இளங்கலையிலேயே நாடகம்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தால், திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம், செலவு குறைவு. மலையாளம் கற்றுக்கொள்ள அவள் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, நம் பக்கத்தில் நாடகப் படிப்பின் பெரிய கதவுகள் ஒரு பட்டத்துக்குப் பிறகே திறக்கின்றன. அந்த முதல் பட்டத்தை மதுரையிலேயே, குறைந்த செலவில் முடிக்கட்டும். ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி போன்ற இடங்களில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். திருமங்கலத்திலிருந்து பேருந்தில் போய்வரலாம், விடுதிச் செலவும் இல்லை. அவள் படித்த பள்ளியையும் பயிற்று மொழியையும் பார்த்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவளுக்குக் கிடைக்க வேண்டும். கல்லூரியில் சேரும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். தமிழோ ஆங்கிலமோ எடுத்தால் நாடகப் பிரதிகளைப் படிக்கும் பழக்கமும் வரும், பின்னாளில் பி.எட். முடித்து ஆசிரியராகும் வழியும் இருக்கும். 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறைக்குப் பிறகு மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கிய மு. ராமசாமி தமிழ் படித்தவர்தான். பின்னர் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

இந்த மூன்று ஆண்டுகளை நாடகத்துக்காகக் காத்திருக்கும் காலமாக அவள் நினைத்துவிடக் கூடாது, நீங்களும் நினைக்க வேண்டாம். கல்லூரி நாடகக் குழுவில் சேரட்டும், விடுமுறைப் பட்டறைகளுக்குப் போகட்டும், மாலையில் இந்தி பிரசார சபைத் தேர்வுகளுக்குப் படிக்கட்டும். நடிப்போடு ஒளியமைப்பு, ஒலியமைப்பு, ஒப்பனை, மேடை நிர்வாகம் ஆகியவற்றில் ஒன்றையாவது கையில் எடுத்துக்கொள்வது வருமானத்துக்கு நல்லது. நாடகம் இல்லாத மாதங்களிலும் மண்டபங்களிலும் கல்லூரி விழாக்களிலும் அந்த வேலைகளுக்குக் கூலி உண்டு. இவற்றுக்கெல்லாம் மாதம் 2,000 ரூபாய் தனியாக ஒதுக்குங்கள். அந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தேசிய நாடகப் பள்ளியின் தேர்வில் கேட்கப்படும் அனுபவம் இங்கிருந்துதான் சேர வேண்டும்.

இப்போது பணத்தை எங்கே வைப்பது என்று பார்ப்போம். செல்வமகள் கணக்கைத் தொடாதீர்கள். 8.2 சதவீத வட்டியை, அதுவும் வரி இல்லாமல், இன்று வேறு எந்தப் பாதுகாப்பான திட்டமும் தருவதில்லை. இதே வட்டி நீடித்தால், புதிதாக எதுவும் போடாமலேயே 3.8 லட்சம் மூன்று ஆண்டுகளில் 4.8 லட்சமாகும். கணக்கைச் செயலில் வைத்திருக்க ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும். முதுகலைக்குப் போகும்போது, முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் பாதி வரை உயர்கல்விக்காக எடுக்கலாம். மாதம் மிச்சமாகும் 10,000 ரூபாயில் பயிற்சிச் செலவு போக 8,000 ரூபாயை மூன்றாண்டுத் தொடர் வைப்பில் போடுங்கள். ஆறரை சதவீத வட்டியில் அது 3.18 லட்சம் அளவுக்கு வந்து நிற்கும். மூன்றே ஆண்டுகளில் தேவைப்படும் பணம் என்பதால் பங்குச் சந்தை சார்ந்த திட்டங்களுக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம். 2.5 லட்சம் வைப்புத்தொகை குடும்பத்தின் அவசரத் தேவைக்கு என்று அப்படியே இருக்கட்டும். நகையை அடகு வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஓராண்டில் திருப்ப வேண்டிய கடனை, பலன் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும் படிப்புக்கு வாங்கினால் வட்டி கட்டிக் கட்டி மறு அடகு வைப்பதிலேயே காலம் போகும்.

மூன்று ஆண்டுகள் கழித்து, செல்வமகள் கணக்கில் எடுக்கக்கூடிய பாதியும் தொடர் வைப்பும் சேர்ந்து, உங்கள் கையில் கடனில்லாமல் ஐந்தரை லட்சம் அளவுக்கு இருக்கும். அதில் ஒரு பகுதிதான் புதுச்சேரிக்கோ தஞ்சாவூருக்கோ செலவாகும். மீதியைப் படிப்பு முடிந்த பிறகு வரும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கென்று வையுங்கள். அந்த இரண்டு ஆண்டுகளில்தான் நாடகக்காரர் சம்பளமில்லாத ஒத்திகைகளுக்குப் போக வேண்டியிருக்கும், பெயர் வாங்க வேண்டியிருக்கும். மாதம் 10,000 ரூபாய் வீட்டிலிருந்து வந்தால் அவளால் அதைத் தாங்க முடியும். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 5,000 ரூபாய் தரும் உதவித்தொகைத் திட்டத்தில் நாடகமும் உண்டு. குருவிடமோ நிறுவனத்திலோ ஐந்து ஆண்டுகள் பயின்றிருக்க வேண்டும் என்பதால், இப்போதிருந்தே பயிற்சிச் சான்றுகளைத் தேதியோடு கோப்பில் சேர்த்து வையுங்கள். முதுகலையில் நல்ல மதிப்பெண் எடுத்து, யு.ஜி.சி. நெட் தேர்வில் நாடகத்தை உள்ளடக்கிய நிகழ்த்துகலைப் பாடத்தில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். நாடகம் படித்தவருக்கு மாதம் தவறாமல் பணம் வரும் வழிகளில் இது முக்கியமானது. ஆசிரியப் பணிக்கும் அதுவே கதவு.

உங்கள் மைத்துனர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால், விருப்பமில்லாத பெண்ணை இன்ஜினீயரிங்கில் சேர்த்தால் அங்கேயும் இதே அளவு பணம் போகும். பாதியில் நின்றால் கடன் மட்டும் மிஞ்சும். இந்தத் திட்டத்தில் ஒரு பட்டம் கையில் இருக்கும், கடன் இருக்காது என்று அவரிடம் சொல்லுங்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் பெங்களூர்தான் என்று முடிவெடுத்தால், பணம் கட்டுவதற்கு முன் அங்கே படித்து முடித்த மூன்று பேரின் தொடர்பைக் கேட்டு வாங்குங்கள். கல்லூரி ஏற்பாடு செய்யும் நேர்காணலில் இல்லாமல், உங்கள் மகளே அவர்களைத் தனியாக அழைத்து, இப்போது எதில் வருமானம் வருகிறது, தயாரிப்புச் செலவு என்று கட்டணத்துக்கு மேல் எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்கட்டும். தொடர்பைத் தரவே தயங்கும் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டாம். கடன் வாங்கியே தீர வேண்டுமென்றால் 4 லட்சத்தைத் தாண்டாதீர்கள், படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள்.

மகளுக்குப் பதினெட்டு வயது ஆனதும் அவளுடைய ஆதாரையும் பான் அட்டையையும் கொண்டுபோய் செல்வமகள் கணக்கை அவளே இயக்கும்படி மாற்றிவிடுங்கள். விதிப்படி அந்த வயதுக்குப் பிறகு அது அவளுடைய பொறுப்பு. தொடர் வைப்பையும் அவள் பெயரைச் சேர்த்தே தொடங்குங்கள். மேலே உள்ள கணக்கை அவளுடன் உட்கார்ந்து ஒரு முறை தாளில் போட்டுப் பாருங்கள். 13,300 ரூபாய்த் தவணை எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.