உப்பிய போனும் காணாமல் போன பட்டன் பேட்டரியும்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டில் இருக்கும் லித்தியம் பேட்டரிகள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் படித்தபோது ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: "ஆனா இன்னும் நல்லாத்தான் வேலை செய்யுது." அந்த வரிதான் எனக்குக் கவலை. டார்ச்சில் போடும் சாதா பேட்டரி தீர்ந்தால் அதோடு சரி. லித்தியம் பேட்டரி அப்படியில்லை, கெட்டுப்போன பிறகும் வேலை செய்யும்.

கேள்வி: என் போனின் பின்பக்க மூடி ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. சார்ஜ் நன்றாகவே நிற்கிறது, சூடும் ஆகவில்லை. ரப்பர் பேண்டு போட்டுப் பயன்படுத்துகிறேன். ஊசியால் சின்னதாக ஓட்டை போட்டால் காற்று இறங்கிவிடும் என்று என் மகன் ஏதோ வீடியோவில் பார்த்தானாம். செய்யலாமா? (மதுரை வாசகி)

வேண்டவே வேண்டாம் அம்மா. ஊசியைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். ரப்பர் பேண்டையும் கழற்றிவிடுங்கள், உப்பிய பேட்டரியை அழுத்தி வைப்பதும் ஆபத்துதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும். ஒரு செம்புத் தகடு, ஒரு அலுமினியத் தகடு, இரண்டும் காகிதம் போல மெல்லியவை. ஒன்றையொன்று தொடாமல் இருக்க நடுவில் தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் ஏடு. இவை எல்லாம் எளிதில் தீப்பிடிக்கும் ஒரு திரவத்தில் ஊறிக் கிடக்கின்றன. பேட்டரிக்கு வயதானாலோ, அடிக்கடி சூடுபட்டாலோ அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகிறது. நீங்கள் பார்க்கும் உப்பல் அதுதான். ஊசி குத்தினால் வாயு மட்டும் வெளியேறாது. ஊசியே இரண்டு தகடுகளுக்கும் பாலமாகிவிடும், உள்ளே ஷார்ட் ஆகும். சூடு 130 டிகிரி பக்கம் போனால் அந்த ஏடு உருக ஆரம்பிக்கும், அப்புறம் சூடு சூட்டை வளர்க்கும், யாராலும் நிறுத்த முடியாது. வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயுவும் இருக்கும்.

போனை அணைத்துவிடுங்கள். மறுபடி சார்ஜில் போடாதீர்கள், "போட்டோவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்றுகூட வேண்டாம். ஒரு மண்சட்டியிலோ இரும்புச் சட்டியிலோ வைத்து, வெயில் படாத, துணியும் பேப்பரும் இல்லாத இடத்தில், பால்கனி மாதிரி, தள்ளி வையுங்கள். கூடிய சீக்கிரம் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். இரும்புப் பிளேடால் நெம்பி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையில் கொடுக்காதீர்கள். பிளேடு தடுக்கினால் அதுவும் ஊசி குத்தியது மாதிரிதான்.

மற்ற வாசகர்களுக்கு: உங்கள் போன் உப்பியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். உறையைக் கழற்றி, சமமான மேசையில் மல்லாக்க வைத்து, ஒரு மூலையை விரலால் மெதுவாகத் தொடுங்கள். சாய்ந்தாடினாலோ, லேசாகத் தள்ளினால் பம்பரம் மாதிரி சுற்றினாலோ முதுகு வளைந்திருக்கிறது. கேமரா மேடு இருக்கும் போன் இயல்பாகவே ஆடும், அதற்குத் திரையின் ஓரத்தைப் பாருங்கள்: சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. நெயில் பாலிஷ் போல இனிப்பு கலந்த வாசனை வந்தால், உள்ளே இருக்கும் திரவம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. பழைய கரண்ட் பில்களைத் தேடி மேசை இழுப்பறையைத் துழாவியபோது, அடியில் ஒரு பவர் பேங்க். இரண்டு வருஷமாக யாரும் தொடாதது. அதன் உறை தையல் விட்டதுபோல வாய் பிளந்து, உள்ளே வெள்ளிப் பை சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்பி நின்றது. சுற்றிலும் காகிதம். பயன்படுத்தாமல் போட்டு வைத்தாலும் உப்பும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேத்தி இருக்கிறாள். கார் சாவியில் இருந்த வட்டப் பேட்டரியைக் காணோம் என்று ஒருநாள் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. நல்லவேளை சோபா இடுக்கில் கிடைத்தது. காசு விழுங்கினால் வாழைப்பழம் கொடுத்து இரண்டு நாள் பார்ப்போமே, அதுபோல இதற்கும் செய்யலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

ஐயா, இந்தப் பகுதியில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்பேன்.

காசு வேறு, பட்டன் பேட்டரி வேறு. காசு பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள சி.ஆர்.2032 பேட்டரி சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தில் ஈரம் பட்டதும் மின்சாரம் பாய்ந்து, மைனஸ் பக்கத்தில் காஸ்டிக் சோடா போன்ற, தசையை அரிக்கும் கடுமையான காரம் உண்டாகும். பேட்டரி உடைந்து ஒழுக வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் குழாய்ச் சுவரைப் புண்ணாக்கிவிடும். வெளியே எடுத்த பிறகும் அந்தப் புண் ஆழமாகி, மூச்சுக்குழாய் வரையோ பெரிய ரத்தக்குழாய் வரையோ போகலாம். சாவியை இயக்கச் சக்தி போதாமல் "தீர்ந்துபோன" பேட்டரியும் இதைச் செய்யும்.

நம்புவதற்குக் கஷ்டமாக இருந்ததால் நானே ஒரு கோழிக்கறித் துண்டின் மேல் ஒரு பேட்டரியை மைனஸ் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துப் பார்த்தேன். சில நிமிஷத்தில் ஓரத்தில் நுரை கட்டியது. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தபோது அடியில் வட்டமாகக் கறுத்து, தொட்டால் கூழாக இருந்தது. சூடே கிடையாது. எல்லாம் காரம் செய்த வேலை.

ஆகவே விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், உடனே கிளம்புங்கள். வாழைப்பழம், சோற்று உருண்டை எதுவும் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தையாக இருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகும் வழியில் தேன் கொடுக்கலாம்: பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன், ஆறு முறை வரை. தேன் அந்தக் காரத்தின் வேகத்தைக் குறைக்கும். அவ்வளவுதான், குணப்படுத்தாது. தேன் தேடி ஐந்து நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் இருக்கும் ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். உள்ளே நுழைந்ததும் "பட்டன் பேட்டரி" என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் காசும் பேட்டரியும் ஒரே மாதிரி வட்டமாகத் தெரியும், பேட்டரிக்கு ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கும். நீங்கள் முன்பே சொன்னால் அதைத் தேடிப் பார்ப்பார்கள்.

பெரும்பாலும் யாரும் பார்க்காத நேரத்தில்தான் விழுங்குகிறார்கள். திடீரென்று எச்சில் ஒழுகுவது, சாப்பாட்டைத் தள்ளுவது, இருமல் என்று மட்டும் இருக்கும். சளி என்று நினைத்துவிடுவோம். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் அவசரம்தான். காதில் எண்ணெய் விடும் வழக்கம் நம்மிடம் உண்டு, பேட்டரி இருக்கும் காதில் எந்தச் சொட்டு மருந்தும் எண்ணெயும் விடக் கூடாது.

வாங்கும்போது பேட்டரி மூடிக்குத் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். ரிமோட், எடை மெஷின், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, ஒளிரும் பொம்மை, மெழுகுவர்த்தி போல எரியும் விளக்கு என்று எல்லாவற்றிலும் இது இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்ததைத் தொடர்ந்து, குழந்தையால் திறக்க முடியாத மூடி கட்டாயம் என்று 2022-ல் தனிச் சட்டமே போட்டார்கள். நம் கடைகளில் நகத்தாலேயே திறந்துவிடும் மூடிகள் இன்னும் விற்கின்றன. அப்படி ஒரு பொம்மையைக் குழந்தை உள்ள வீட்டுக்கு வாங்காதீர்கள், பரிசாகவும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து, வாசல் கதவுக்குப் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ராத்திரி சார்ஜ் போடுகிறோம். ஹவுஸ் ஓனர் பயப்படுகிறார். அவர் பயம் நியாயமா? (சென்னை வாசகர்)

நியாயம்தான். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். உயிரைப் பறித்தது புகை. அந்த வருஷம் நடந்த இதுபோன்ற தீ விபத்துகளுக்குப் பிறகுதான் ஏ.ஐ.எஸ்.-156 என்ற பேட்டரி விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் முடிவிலும் இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தார்கள். உங்கள் வண்டி அதற்கு முந்தியது என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

உங்கள் ஏற்பாட்டில் எனக்கு மிகவும் உறுத்துவது இடம். வாசல் கதவு நீங்கள் தப்பித்து ஓட வேண்டிய வழி. அங்கே தீ பிடித்தால் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். மாடிப்படிக்கு அடியில் வைத்தால் மொத்தக் குடித்தனமும் மாட்டிக்கொள்ளும். பால்கனியோ, கீழே திறந்தவெளி பார்க்கிங்கோ பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், எர்த் சரியாக இருக்கும் 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டி வந்ததும் போடாமல், ஒரு மணி நேரம் ஆறவிட்டு, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதுவும் கூடாது, சார்ஜர் முனை பொருந்துகிறது என்பதற்காக வோல்டேஜ் பொருந்தும் என்று இல்லை.

மழை வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரி என்றால் சார்ஜே போடாதீர்கள். வெளியே காய்ந்துவிடும், உள்ளே போன தண்ணீர் அரிக்க நாளாகும். பல நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம்.

அப்படியே பிடித்துவிட்டால்? ஸ்டவ் தீக்கு ஈரச் சாக்கு போட்டுப் பழகியவர்கள் நாம். இதற்குச் சாக்கு உதவாது. காற்றை அடைத்தாலும் உள்ளே சூடு வளர்ந்துகொண்டே இருக்கும். போன் அளவுச் சின்னப் பொருள் என்றால் மெயினை அணைத்துவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றலாம், ஆற வைப்பதுதான் வேலை. ஸ்கூட்டர் பேட்டரி என்றால் எதுவும் முயற்சி செய்யாமல், எல்லாரையும் வெளியேற்றி, வரும்போதே கதவைச் சாத்திவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: 50,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 599 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். போன் இரண்டு தடவைகூட முழுசாக ஏறவில்லை. ஏமாந்துவிட்டேனா? (கோவை வாசகர்)

ஆமாம். நிரூபிக்கச் சமையலறைத் தராசு போதும். நேர்மையான 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். 50,000 என்றால் ஒரு கிலோ பக்கம் வர வேண்டும். உங்களுடையது எவ்வளவு என்று நிறுத்துப் பாருங்கள். தனியாக விற்கும் விரல் நீள 18650 செல்லிலும் இதே கதை: நல்ல கம்பெனி செல்லே 3,500 எம்.ஏ.எச். சுற்றிதான் தரும், மேலே 9,900 என்று அச்சிட்டிருந்தால் பொய்.

அளவில் பொய் சொன்னவர் உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட் வைத்திருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. பணம் போனது போகட்டும் என்று வைத்துக்கொண்டு பயன்படுத்தாதீர்கள்.

பவர் பேங்குக்கு இந்தியாவில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். பவர் பேங்கின் உடம்பிலேயே ஐ.எஸ். என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயரும் பொருளும் வரும். எண் சும்மா அச்சிட்டதாகவும் இருக்கலாம், அதனால் பெயர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பில்லோடும் தராசுப் படத்தோடும் விற்றவருக்கு எழுதுங்கள், அசைந்து கொடுக்காவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணமே கிடையாது.

இன்னொன்று, விமானத்தில் இதைக் கொண்டுபோக நினைக்காதீர்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், 100 வாட்-அவர் (சேமிக்கும் ஆற்றலின் அளவு) வரை. 27,000 எம்.ஏ.எச். என்பது அந்த எல்லைக்குப் பக்கத்தில் வரும். 50,000 என்று அச்சிட்டதை விமான நிலையச் சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர மாட்டார்கள்.

கேள்வி: போனை ராத்திரி முழுக்க சார்ஜில் விடலாமா? (நாகர்கோவில் வாசகி)

நிறைந்ததும் போன் தானே நிறுத்திக்கொள்ளும், அதில் தப்பில்லை. தலையணைக்கு அடியிலும் மெத்தையிலும் போர்வைக்குள்ளும் வைப்பதுதான் தப்பு. தரையிலோ மேசையிலோ வையுங்கள்.

கேள்வி: பழைய பேட்டரிகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. எங்கே போடுவது? (திருநெல்வேலி வாசகர்)

குப்பைத்தொட்டியில் வேண்டாம், குப்பை லாரி அழுத்தும்போது நசுங்கித் தீப்பிடிக்கும். பழைய இரும்புக் கடையிலும் வேண்டாம், அங்கே சுத்தியலால் உடைப்பவர் பெரும்பாலும் ஒரு சின்னப் பையன். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அதனால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். உங்கள் மாநகராட்சியில் மின்கழிவு தனியாக வாங்கும் நாள் இருந்தால் அதுவும் சரி.

அதுவரை, அந்த டப்பா தகரம் என்றால் முனைகள் பட்டு ஷார்ட் ஆகலாம், இன்றைக்கே மாற்றுங்கள். ஒவ்வொரு பேட்டரியின் முனையிலும், பட்டன் பேட்டரி என்றால் இரண்டு பக்கமும், செல்லோடேப் ஒட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். உப்பியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் எடுத்து மண்சட்டியில், வெளியே.